திரையில் நான்கு, தாளில் மூன்று

நான் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், பழைய அலுவலகத்திலிருந்து பாண்டி போன் செய்தார். மண்டபத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

“அண்ணே, புதுசா கம்ப்யூட்டர் வாங்கப் போறோம். கிராபிக்ஸ் கார்டு மூணு எழுதி வந்திருக்கு. எதைன்னு டிக் போடட்டும்?”

“நம்ம வரையுற மென்பொருள் கம்பெனிக்காரன், தான் சோதிச்சுப் பார்த்த கார்டுன்னு ஒரு பட்டியல் போட்டிருப்பான். அதுல பேரு இருக்கிறத வாங்கு. இல்லாதத எவ்வளவு சல்லிசாக் குடுத்தாலும் தொடாத.”

“விளையாட்டுக் கார்டுலயும் அதே சில்லுதான் இருக்காம்ணே. கடைக்காரர் சொல்றாரு.”

“எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”

பாண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. சரிண்ணே என்று வைத்துவிட்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போனில் சொல்லியிருக்க மாட்டேன். முப்பத்தைந்து வருட வேலையில் எனக்கு நேர்ந்தவற்றில் வெளியே சொல்லத் தயங்கியது அது ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அபிராமத்துக்குப் பக்கம். வானம் பார்த்த கரிசல் நிலம். அய்யாவுக்கு ஐந்து பிள்ளைகளில் நான்தான் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன். தொழிற்பயிற்சியில் வரைவாளர் படிப்பை முடித்துவிட்டு, 1974-இல் மண்டபம் அலுவலகத்தில் ட்ரேசராகச் சேர்ந்தேன். மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து மையால் நகலெடுக்கும் வேலை. நான்கு வருடம் கழித்துத்தான் எனக்கென்று தனியாக ஒரு வரையும் போர்டு கிடைத்தது.

கல்யாணம் ஆனதும் என் மனைவி வள்ளிமயில் இரண்டு மாதம் மண்டபத்தில் என்னோடு இருந்தாள். அதற்குள் அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். “ரெண்டு பேரும் இங்கன உக்காந்துக்கிட்டா காட்டை யாரு பாக்குறது?” என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பவில்லை. அவள்மேல் தப்பில்லை. நான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவேன். எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். சின்னவளிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு, “எங்கப்பா சனிக்கிழமை வருவாரு” என்று மட்டும் சொன்னாளாம்.

ஊருக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டு போய் என் போர்டைத் துடைத்து வைப்பேன். செய்வதற்கு வேறொன்றும் இருக்காது. கூடத்தில் எட்டு போர்டுகள். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள், அவற்றுக்கு வெளியே கடல். வடக்கு வெளிச்சத்தில் கையின் நிழல் தாளில் விழாது என்பதால் அப்படிக் கட்டியிருந்தார்கள். ஆளில்லாத கூடத்தில் அந்த அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ ஞாயிறு போயிருக்கிறது.

எங்கள் தலைமை வரைவாளர் சேசுராஜ் சார். தங்கச்சிமடத்துக்காரர். ஒல்லியான, உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வரைபடத்தைத் தொடும் முன் கை கழுவுவார். நாம் ஒரு தாளை நீட்டினால் முதலில் நம் விரல்களைத்தான் பார்ப்பார். “கருப்பையா, கையக் கழுவிட்டியா?” என்பார். கழுவியிருந்தாலும் போய் மறுபடி கழுவிவிட்டு வரவேண்டியதுதான்.

அவர் சரிபார்க்கும் முறை இப்போதும் கண்ணில் நிற்கிறது. அச்செடுத்த தாளை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் இரும்புக் கட்டிகளை வைப்பார். இடது கையில் மஞ்சள் பென்சில், வலது கையில் சிவப்பு. ஒவ்வோர் அளவையும் கணக்குத் தாளோடு ஒப்பிட்டுச் சரியாக இருந்தால் அதன்மேல் மஞ்சள் பூசுவார். தப்பென்றால் சிவப்பில் சுழிப்பார். ஒரு தாளுக்கு அரை நாள் ஆகும். கடைசியில் தாள் முழுக்க மஞ்சளாகிவிடும். வரைந்தவனுக்கு மனசு நிறைந்து போகும். அப்போதுதான் அவர் எழுந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்று, “சரி, இதுல என்ன இல்ல?” என்று கேட்பார்.

முதல்முறை என்னிடம் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. ஒரு படகின் என்ஜின் அறைப் படம் அது. எல்லாம் மஞ்சள். ஒரு சிவப்புகூட இல்லை. அரைமணி நேரம் நின்றேன். அவர் உதவவே இல்லை, வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கண்டுபிடித்தேன். படகின் அடிவயிற்றில் சேரும் தண்ணீர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஓடிப்போவதற்கு, குறுக்குச் சட்டத்தின் அடியில் ஒரு சின்ன ஓட்டை வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

“தண்ணி போற ஓட்டை சார்.”

“ம். மஞ்சப் பென்சிலு இருக்கிறதத்தான் தொடும் கருப்பையா. இல்லாதத நீதான் பாக்கணும்.”

அவ்வளவுதான். ஓட்டையைப் போட்டேன்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. போர்டில் போட்ட அதே படத்தைத் திரையில் போட்டோம், அதற்குப் பெரிய சிரமமில்லை. எட்டுப் பேர் நான்கு பேரானோம். சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள், ஒருவர் அரிசிக் கடை வைத்தார். 2004 வாக்கில் முதலாளி முப்பரிமாண மென்பொருள் வாங்கினார். முழுப் படகையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டி, சுற்றிச் சுற்றிப் பார்த்து, பிறகு அதிலிருந்து தாளில் படம் எடுக்கும் முறை. அதற்கு ஆயிஷா என்ற பெண் வந்தார். பெரியபட்டினத்துக்காரர், மெக்கானிகல் டிப்ளமோ. இரண்டு பஸ் மாறி வருவார், நேரம் தப்பாது. கொஞ்ச நாளில் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். சேசுராஜ் சார் வயதாகியும் முதலாளி விடாததால் வந்துகொண்டிருந்தார். அவர் தனியறையில் காகிதத்தோடு மட்டும் இருப்பார். கம்ப்யூட்டரை ஒருநாளும் தொட்டதில்லை.

உப்புக் காற்று கம்ப்யூட்டரைத் தின்றுவிடும் என்று வடக்கு ஜன்னல்களை அடைத்து, விளிம்பெல்லாம் பசை பூசி, ஏசி வைத்தார்கள். அதற்குப் பிறகு அலைச் சத்தம் உள்ளே வரவில்லை. அந்தக் கூடத்தில் எனக்கு மிஞ்சிய மனிதச் சத்தம் ஆயிஷாவின் குரல்தான். பேச மாட்டார். ஆனால் வேலை செய்யும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் மெல்லிசாக எண்ணிக்கொண்டிருப்பார். போல்ட் வைத்தால் எண்ணுவார், தகடு வைத்தால் எண்ணுவார். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” எனக்கு அது துணையாக இருந்தது.

ஆயிஷாவின் பழைய கம்ப்யூட்டரால் முழுப் படகைத் திருப்ப முடியவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். “புது மெசின் வாங்குவோம். என்ன கார்டு போடணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் எண்களாகக் கிடக்கும் படகைத் திரையில் படமாக்கிக் காட்டும் பலகை. எண்கள் ஒருபுறம் கிடக்கட்டும், நம் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பலகை காட்டுவது மட்டும்தான். இரண்டு வாரம் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எவ்வளவு நினைவகம், எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எவ்வளவு சூடாகும். எங்கள் ஊர்க் காற்றுக்கு விசிறியின் அச்சு எத்தனை நாள் தாங்கும் என்றுகூட யோசித்தேன். கடைசியில் இரண்டு கார்டு நின்றது. ஒன்று வரைகலை வேலைக்கென்றே செய்தது. மென்பொருள் கம்பெனியின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. மற்றொன்று கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது. பட்டியலில் இல்லை. முதல் கார்டின் விலை இதைப்போல நான்கு மடங்கு.

மதுரைக்குப் போய்க் கடையில் இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னேன். ஆயிஷா கட்டிய படகு ஒன்றைக் குறுந்தகட்டில் கொண்டுபோயிருந்தேன். விளையாட்டுக் கார்டில் அது வழுக்கிக்கொண்டு சுழன்றது. விலை கூடியதைவிட வேகம் அதிகமாகக்கூட இருந்தது.

“ரெண்டுலயும் ஒரே சில்லுதான் சார். மேல ஒட்டுற ஸ்டிக்கருக்குத்தான் அந்த விலை” என்றார் கடைக்காரர்.

பட்டியல் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. படகைச் சுழற்றிப் பார்த்தேன். அதில் ஒன்றை வைத்து, ஒன்றை அழித்து, ஒரு நாள் வேலை செய்து பார்க்கவில்லை.

முதலாளியிடம் விளையாட்டுக் கார்டே போதும் என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். “பாத்தீங்களா, கருப்பையா மூளைக்காரரு” என்று எதிரில் இருந்தவரிடம் சொன்னார். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. அன்று அறைக்குத் திரும்பி ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கும்போது, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை.

புது மெசின் ஆயிஷாவின் மேசைக்குப் போனது. அவருக்கு ரொம்ப சந்தோஷம். நான் பழைய மெசினில், அவர் கட்டிய படகிலிருந்து தாளுக்குப் படம் எடுக்கும் வேலையைப் பார்த்தேன்.

அடுத்த வருடம் இரும்பு விசைப்படகு ஒன்றுக்கு வேலை வந்தது. கடலுக்கடியில் இழுத்துவரும் மடி வலையை மேலே ஏற்ற, மேல்தளத்தில் வின்ச் என்ற இழுவை எந்திரம் இருக்கும். டன் கணக்கில் இழுவை வரும் இடம். அதன் நான்கு காலுக்கும் நேர் கீழே, தளத்துக்கு அடியில், முக்கோணமாக நான்கு முட்டுத் தகடுகள் வைக்க வேண்டும். அதை ஆயிஷா கட்டிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் “ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு” என்று கேட்டது. பிறகு அளவெடுக்கத் தற்காலிகமாக வைத்திருந்த கட்டையை அழித்துவிட்டு, சேமித்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மறுநாள் நான் அந்தக் கோப்பிலிருந்து தாளுக்குப் படம் எடுத்தேன். அந்த மாதம் சேசுராஜ் சார் கண் ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்தார். அவருக்குப் பதிலாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு முதல்முறையாக என்னிடம் வந்திருந்தது. கை கழுவினேன். இரும்புக் கட்டிகளை வைத்தேன். மஞ்சள் பூசினேன். ஒவ்வோர் அளவும் சரி. முட்டுத் தகடுகளின் கனம் சரி, நீளம் சரி, பற்றவைப்புக் குறி சரி. தாள் முழுக்க மஞ்சளானது. எழுந்து பின்னால் போய் நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தாளில் மூன்று தகடுகள்தான் இருந்தன.

படகு கட்டும் யார்டில் தாளில் இருந்தபடியே கட்டினார்கள். ஐந்தாறு மாதம் படகு நன்றாக ஓடியது. ஒருநாள் கடலில் வலை கனமாக ஏறிக்கொண்டிருந்தபோது, வின்ச்சின் பின்பக்கத்துக் கால் தளத்தைக் கிழித்துக்கொண்டு சாய்ந்தது. இரும்புக் கயிறு துள்ளி, பக்கத்தில் நின்ற சூசை என்ற தொழிலாளியின் வலது கையைப் பிடித்துவிட்டது. இரண்டு விரல் போயிற்று. ஆள் பிழைத்ததே பெரிது என்றார்கள்.

முதலாளியின் அறையில் தாளை விரித்து வைத்திருந்தார்கள். சேசுராஜ் சார், ஆயிஷா, நான். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம்தான் பார்த்தார். மூன்றாவது தகட்டுக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“யாரு கட்டுனது?” என்றார் முதலாளி.

“நான்தான் சார். ஆனா நான் நாலு வச்சேன். திரையில நாலு பாத்துட்டுத்தான் போனேன்” என்றார் ஆயிஷா.

கோப்பைத் திறந்து பார்த்தோம். மூன்றுதான்.

“அல்லாஹ்மேல ஆணையாச் சொல்றேன் சார், நான் நாலு வச்சேன்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

அந்தப் பெண் நான்கு என்று எண்ணியதை நான் கேட்டிருந்தேன். என் நாக்கு நுனியில் அது இருந்தது. ஆனால் கோப்பில் மூன்றல்லவா இருக்கிறது? எண்ணியவர் வைக்காமல் விட்டிருக்கலாம், வேறெதையாவது எண்ணியிருக்கலாம். தவிர, தாளில் இருந்தது என் கையெழுத்து. நான் சொன்னேன்: “தாள்ல இருந்ததெல்லாம் சரியா இருந்துச்சு சார்.”

பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஆயிஷா என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பழைய ஆள் என்பதால் என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். விஷயம் அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு சேசுராஜ் சார் என்னைத் திட்டவில்லை, முகம் திருப்பவில்லை. நான் கொடுக்கும் தாளை வாங்கி வைத்துக்கொள்வார். ஆனால் என்னை நிற்க வைத்துக் கேட்கும் அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டார். முதல் அளவிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். நேற்றுச் சேர்ந்தவனின் தாளை அப்படித்தான் பார்ப்பார்கள்.

கூடத்தில் நான் மட்டும். ஏசியின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்காது. சில நாள் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், சாயங்காலம் கதவைப் பூட்டும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வந்திருக்காது. டீக்கடையில் டீ கேட்கும்போது குரல் கரகரத்துப் போய் வரும். ஆயிஷாவின் மேசைக்கு நான் மாறவேண்டி வந்தது, புது மெசின் அங்கேதான் இருந்தது. நாற்காலியில் அவர் வைத்திருந்த சின்னத் தலையணையை எடுக்காமலே உட்கார்ந்தேன்.

அந்த மெசினில் நானும் முப்பரிமாண வேலை கற்றுக்கொண்டு, ஒரு வருடம் கழித்து டீசல் தொட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அளவுக்காக வைத்த ஒரு கட்டையைச் சுற்றிக் கட்டம் போட்டு அழித்தேன். கட்டை போனது. பின்னால் இருந்த குழாய்க் கவ்வி திரையில் அப்படியே இருந்தது. சாப்பிடப் போய்விட்டு வந்து படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். கவ்வியைக் காணோம்.

நான்தான் அழித்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். பழையபடி கொண்டுவந்து மறுபடி செய்தேன். கட்டையைச் சுற்றிக் கட்டம் போடும்போது பின்னாலிருக்கும் கவ்வியும் சேர்ந்து தேர்வாகிவிடுகிறது. அப்படித் தேர்வானால் அது நிறம் மாறிக் காட்ட வேண்டும். காட்டவில்லை. அழித்த பிறகு திரையிலிருந்து மறைய வேண்டும். மறையவில்லை. எண்களில் அது இல்லை, ஆனால் கார்டு பழைய படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. முழுதாகத் திருப்பினால்தான் உண்மை தெரிந்தது.

வின்ச் கோப்பைத் திறந்தேன். நான்காவது தகட்டை வைத்து, அதற்கு முன்னால் கட்டையை வைத்து, ஆயிஷா செய்திருக்கக்கூடிய அதையே செய்தேன். பத்து முறை செய்ததில் ஏழு முறை தகடு போய், திரையில் நான்காகவே நின்றது. மதுரைக் கடைக்காரரிடம் கெஞ்சி, பட்டியலில் இருந்த அந்த விலை கூடிய கார்டை ஒரு வாரத்துக்குச் சோதனைக்கு வாங்கி வந்து மாட்டினேன். அதே கோப்பு, அதே பத்து முறை. ஒவ்வொரு முறையும் தகடு நிறம் மாறி, ‘என்னையும் சேர்த்து அழிக்கப் போகிறாயா’ என்பதுபோல் காட்டிக்கொடுத்தது. சில்லு ஒன்றேதான். ஆனால் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை வரைகலை வேலைக்கென்று ஒருவர் உட்கார்ந்து சோதித்திருக்கிறார். நான்கு மடங்கு விலை அதற்குத்தான், ஸ்டிக்கருக்கு இல்லை.

முடிவுகளைத் தாளில் எழுதி வைத்தேன். எழுதிய தாளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், வேலை போய்விடக்கூடாதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். பயம் மீதி.

ஒருநாள் தாங்காமல் சேசுராஜ் சாரின் அறைக்குப் போய் அதைக் கொடுத்தேன். அவர் கடைசி வரிவரை படித்தார்.

“இந்தக் கார்ட யாரு எடுத்தது?”

“நான்தான் சார்.”

“அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டியா?”

“இல்ல சார். முதல்ல உங்ககிட்ட...”

தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “எனக்கு எதுக்குய்யா இது? வெரலு போனது எனக்கில்ல, வேல போனதும் எனக்கில்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியபட்டினம் போனேன். ஆயிஷாவின் அப்பா சங்கு வியாபாரி, அதைச் சொல்லி விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். ஆயிஷாவின் வாப்பா கதவைத் திறந்தார். யாரென்று சொன்னதும் முகம் இறுகியது. இருந்தாலும் “வாங்க, உக்காருங்க” என்றார். ஆயிஷா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று இடத்தில் வேலைக்குக் கேட்டதாகவும், முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்ற கேள்வியோடு எல்லாம் நின்றுபோனதாகவும் வாப்பா சொன்னார்.

தாளை நீட்டினேன். ஆயிஷா நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“நாந்தான் வைக்க மறந்துட்டேன்னு நம்பவே ஆரம்பிச்சுட்டேன் சார். எண்ணுனதுகூட என் நெனப்போன்னு ஆயிருச்சு.” பிறகு கேட்டார். “இதக் கண்டுபிடிச்சு எத்தன நாளாச்சு?”

“ரெண்டு மாசம்.”

வாப்பாதான், “ரெண்டு மாசமா?” என்றார்.

“சூசையண்ணன நானும் வாப்பாவும் போய்ப் பாத்துட்டு வந்தோம். நீங்க போனீங்களா?” என்றார் ஆயிஷா.

“இல்லம்மா.”

“ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு நான் எண்ணுனது தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்களுக்குக் கேட்டுச்சா?”

இந்தக் கேள்விக்காக அவர் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் எங்கோ மிக்ஸி ஓடி நின்றது.

“கேட்டுச்சு. நாலுன்னு கேட்டுச்சு.”

அவர் அழவில்லை. உள்ளே போய் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “எனக்கு ஒரு லெட்டர் வேணும். தப்பு என்னோடது இல்லன்னு.”

எழுதினேன். கார்டைத் தேர்ந்தெடுத்தது நான், பட்டியலை மீறியது நான், சரிபார்த்துக் கையெழுத்திட்டது நான் என்றெல்லாம் எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, கடைசிப் பத்திக்கு மேலே விரலை வைத்தார்.

“இங்க இன்னொரு வரி எழுதுங்க சார். நான் நாலு எண்ணுனது உங்க காதுல விழுந்துச்சு, கேட்டும் நீங்க சொல்லலன்னு.”

அந்த வரியை எழுதத்தான் எனக்கு நேரமாயிற்று. வாப்பா ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் அந்தக் கடிதத்தை எடுத்துப்போய் முதலாளியிடம் அலுவலக முத்திரை கேட்டேன். “முடிஞ்சுபோனத ஏன் கிளறுறீங்க?” என்றார் முதலாளி. சேசுராஜ் சார் எழுந்து வந்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, மேசையிலிருந்த முத்திரையைத் தானே எடுத்துக் குத்தினார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் ஆயிஷாவிடம் போய்ச் சேர்ந்தது. புதுக் கார்டும் அந்த மாதமே வாங்கப்பட்டது. என்னை யாரும் மூளைக்காரன் என்று சொல்லவில்லை.

சூசையைப் பார்க்கவும் போனேன். பாம்பனில் வலை சீர்செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கையி வலைய இழுத்துரும். முடிச்சுத்தான் போடாது” என்றார். “யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சா வெரலு வந்துருமா? உக்காருங்க, டீ வரச் சொல்றேன்.” உட்கார்ந்து குடித்தேன்.

ஆயிஷாவுக்கு ஆறு மாதத்துக்குள் கொச்சிப் பக்கம் கப்பல் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது என்று பெரியபட்டினத்துக்காரர் ஒருவர் மூலம் தெரிந்துகொண்டேன். அவர் எனக்குப் போன் செய்யவில்லை. செய்யக் காரணமும் இல்லை. நான் 2009 வரை அந்தக் கூடத்தில் இருந்தேன். பாண்டி கடைசி ஆறு மாதம்தான் வந்தார். அதற்கு முன்னால் இருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மெசினும் நானும்தான்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின், இந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வள்ளிமயிலுக்கு அவள் வேலைகள், அவள் நேரங்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பாண்டி போன் செய்த அன்று பிற்பகல், அவள் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, கார்டு வாங்கியதிலிருந்து கடிதம் எழுதியதுவரை அவளிடம் சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

“எத்தன வருசமாச்சு இது?”

“நாலாகுது.”

“எங்கிட்ட ஏன் அப்பச் சொல்லல?”

“சனிக்கிழம வருவேன், திங்கக்கிழம போயிருவேன். எங்க நேரம்?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஒரு வார்த்த சொல்றதுக்கு ரெண்டு நாளு பத்தாதா?”

அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம்விட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொத்தை மிளகாயைத் தனியே பொறுக்கிப் போட ஆரம்பித்தேன்.